இ.இ. சாரும் நானும் திருக்கடையூர் போன கதை

முதல் நாள்: தாம்பரம் – மயிலாடுதுறை

என் கணவருக்கு இரண்டு பிறந்த நாள். பள்ளிச் சான்றிதழில் 1.6.1965. ஜாதகத்தில் அதே வருடம் ஆவணி மாதம், அனுஷ நட்சத்திரம். சான்றிதழில் இருப்பது அவர் ஊர்த் தலைமையாசிரியர் உபயம். அந்தக் காலத்தில் பையனைக் கூட்டிக்கொண்டு அப்பா போய் நின்றால், கணக்குக்கு வயது சரியாக வரும்படி வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2021ல் 60 ஆக்கினார்கள். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு முந்தின மாதக் கடைசியோடு வேலை முடிந்துவிடும். எனவே சர்க்கார் கணக்கில் இவருக்கு 2025 மே 31 அன்று எல்லாம் முடிந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஆபீஸ் ஜீப்பிலேயே கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். ஜாதகக் கணக்கில் அறுபது ஆக இன்னும் மூன்று மாதம் பாக்கி. அந்த மூன்று மாதமும் அவர் இ.இ. என்கிற செயற்பொறியாளரும் இல்லை, அறுபது வயதுக்காரரும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். காலிங்பெல் அடித்தால் எனக்காகத்தான் இருக்கும். டேங்கர் லாரிக்காரர், மோட்டார் மெக்கானிக், சம்ப் கழுவ வருகிறவர். இவர் போய்க் கதவைத் திறப்பார். "செக்ரெட்டரி மேடம் இருக்காங்களா சார்?" 1990லிருந்து காவிரித் தண்ணீரை மதகு மதகாகப் பங்கு வைத்த மனுஷர். வந்தவரிடம் மோட்டாரின் குதிரைத்திறன், ஹெட், டிஸ்சார்ஜ் என்று விசாரிக்க ஆரம்பிப்பார். மெக்கானிக் பணிவாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "மேடம், புஷ் மாத்திடலாமா?" என்பார்.

இன்று சோழன் எக்ஸ்பிரஸ்ஸில் தாம்பரத்தில் ஏறினோம். பிள்ளைகள் நாளை ராத்திரி அவரவர் ஊரிலிருந்து நேராக வருகிறார்கள். எதிர் இருக்கையில் ஒரு இளைஞன், கடலூர்க்காரன். பேச்சுவாக்கில், "சார் எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டான். "பி.டபிள்யூ.டி.ல இ.இ.யா..." என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். வினையைக் காணோம். இருக்கேனா, இருந்தேனா? பையன் அதற்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டான்.

சிதம்பரம் தாண்டி கொள்ளிடம் பாலம் வந்தது. இவர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். ஆற்றில் தண்ணீர் இருந்தது. திரும்பி வந்து எத்தனை கன அடி போகும் என்று ஒரு கணக்குச் சொன்னார். சரிபார்க்க ஆள் இல்லாததால் ஒத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு மாயவரத்தில். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்பார்கள். ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் சாம்பார் சுமார்தான், வத்தக்குழம்பு பழமொழியைக் காப்பாற்றியது.

இரண்டாம் நாள்: திருக்கடையூர்

ஊர் முழுக்கக் கிழவர் கல்யாணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டுச்சேலையும் கழுத்து நிறைய மாலையுமாக அறுபதோ எழுபதோ எண்பதோ போய்க்கொண்டிருக்கிறது. லாட்ஜ் வாசல்களில் பேக்கேஜ் பலகை: 60 முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 70க்கு பீமரத சாந்தி, 80க்கு சதாபிஷேகம். 59 முடிந்து 60 பிறக்கும்போது உக்ரரத சாந்தி என்று ஒன்று. கலசம் எத்தனை என்பதைப் பொறுத்துப் பணம். கோ பூஜை, கஜ பூஜை, போட்டோ, டிபன் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அறுபது ஏன் என்று சாஸ்திரிகளைக் கேட்டேன். ராசி மண்டலத்தைச் சுற்றிவர வியாழனுக்கு ஏறக்குறைய 12 வருடம், சனிக்கு ஏறக்குறைய 30. இரண்டும் கிளம்பின இடத்துக்கே ஒன்றாக வந்து சேர 60. தமிழ் வருடப் பெயர்களும் அறுபதுதான், பிரபவ முதல் அட்சய வரை. இவர் பிறந்தது விசுவாவசு. இப்போது நடப்பதும் விசுவாவசு. "பிறந்த வருஷம் திரும்பி வந்தாச்சு, இனிமே புதுப் பிறவி மாதிரி" என்றார் சாஸ்திரிகள். புதுப் பிறவி எடுத்தவர் பக்கத்தில் முழங்கால் வலிக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்.

அழைப்பிதழ் அடித்தபோது நடந்ததையும் இங்கே எழுதியாக வேண்டும். பெயருக்குக் கீழே "செயற்பொறியாளர் (ஓய்வு), நீர்வளத்துறை" என்று போட்டிருந்தார்கள். இவர் சேர்ந்தது பொதுப்பணித்துறை. 2021ல் நீர்வளம் தனித் துறையானது, அதில் இவருக்கு இன்றைக்கும் லேசான வருத்தம். புரூஃபை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். முதலில் துறையின் பழைய பெயரைப் போடச் சொன்னார். அப்புறம் அடைப்புக்குறிக்குள் இருப்பதன் எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னார். கடைசியில் அந்த வரியையே எடுத்துவிடச் சொன்னார். வெறும் பெயரோடு அழைப்பிதழ் வந்தது. சொந்தக்காரர்களுக்கு என்ன தெரியும், "ஏன், வேலையைப் போடலையா?" என்று போன் மேல் போன்.

சாயங்காலம் கோவில். அமிர்தகடேஸ்வரர், அபிராமி. அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று, எமனை உதைத்த இடம். மார்க்கண்டேயன் கதை எல்லோருக்கும் தெரியும்: பதினாறு வயதுதான் ஆயுள், லிங்கத்தைக் கட்டிக்கொண்டான், பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழுந்தது, சிவன் காலால் எட்டி உதைத்தார். லிங்கத்தில் கயிற்றுத் தழும்பு அபிஷேகத்தின்போது தெரியும் என்பார்கள். கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்றவரின் பின்மண்டைதான் தெரிந்தது.

அதற்கடுத்த பகுதியைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. எமன் விழுந்ததும் உலகத்தில் சாவு நின்றுபோனது. பாரம் தாங்காமல் பூமாதேவி அழுதாள். சிவன் எமனை எழுப்பி மறுபடி வேலைக்கு அனுப்பினார். "சஸ்பெண்ட் பண்ணி, அதே போஸ்ட்ல திருப்பிப் போட்டுட்டாங்க" என்றார் இவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் அடித்த முதல் ஜோக்.

குங்கிலியக் கலய நாயனாரும் இந்த ஊர்தான். வீட்டில் குந்துமணி அரிசி இல்லை. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறாள். வழியில் குங்கிலிய மூட்டை வருகிறது. தாலியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போய்விடுகிறார். அவர் பெயர் அறுபத்து மூவரில் இருக்கிறது. தாலியைக் கழற்றியவள் பெயர் என்ன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள்: அதே ஊர், கல்யாண நாள்

அதிகாலையிலேயே எழுப்பிவிட்டார்கள். மண்டபத்தில் வரிசையாக ஹோம குண்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி, ஒரு சாஸ்திரிகள், ஒரு வீடியோக்காரர். எங்களுக்கு இடப்பக்கம் எண்பது வயது ஜோடி, சேலம் பக்கம். வலப்பக்கம் எங்களைப் போல அறுபது. மந்திரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததில் எது எங்களுடையது என்று தெரியவில்லை. சங்கல்பத்தில் கோத்திரம், நட்சத்திரம், பெயர் கேட்டார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. இவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். நிம்மதியா ஏமாற்றமா என்று பிடிபடவில்லை.

ஹோமம் முடிந்து வெளியே இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே இரண்டு பேர் சல்லடையைப் பிடித்துக்கொள்ள, பெண், பிள்ளை, மருமகன், நாத்தனார் என்று வரிசையாக வந்து கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். சல்லடை வழியாக அது நூல் நூலாக இறங்குகிறது. மாவிலை, மஞ்சள், கொஞ்சம் கற்பூர வாசனை. முதல் சொட்டு பிடரியில் விழுந்து முதுகுத்தண்டோடு இறங்கியபோது உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. என் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றியது இதற்கு முன்னால் பதின்மூன்று வயதில்.

அன்றைக்கு எவ்வளவு அமர்க்களம்! தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டினார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், தட்டுத் தட்டாகச் சீர். தெருவுக்கே தெரியும். அது நின்றது ஐம்பதாவது வயதில். ஒருத்தருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு தகதகவென்று எரியும், எழுந்து ஃபேனை ஐந்தில் வைப்பேன். இவர் தூக்கத்திலேயே "குளிருதே" என்று எழுந்து இரண்டில் வைப்பார். ஒரு வருடம் இந்தப் போட்டி நடந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. பெண் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தாள், பையன் ஹாஸ்டலில். காலை நாலு டிபன் பாக்ஸ் கட்டிய கை, ஒன்றைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்தது. டாக்டரம்மா கால்சியம் எழுதிக் கொடுத்து, "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். வருவதென்னவோ எல்லாருக்கும்தான். அதற்கு ஏன் ஒரு சீர் இல்லை, ஒரு சல்லடைத் தண்ணீர் இல்லை?

அந்த ஒரு வருடம் கழித்து நான் வேறு ஆள். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். சங்கக் கூட்டத்தில் கணக்கு இடிக்கிறது என்று எழுந்து சொன்னேன். சொன்ன பாவத்துக்குப் பொருளாளர் ஆக்கினார்கள், பின்னால் செயலாளர். யாரையும் கேட்காமல் முடிவெடுக்க வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. முன்பு இருந்தவள் மோசமில்லை, ஆனால் அவள் போய்விட்டாள். என்னோடு ஒரே வீட்டில் இருந்த இவருக்கு இது தெரியவந்தது வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான். பெண்ணுக்கு மாறுவது அடுப்படியில் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. ஆணுக்கு ஒரு தேதி குறித்து, மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி அனுப்புகிறார்கள். அனுப்பியபின் இறங்கும் இடத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எது மோசம் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஜீப் கொஞ்சம் கூடுதல் கொடுமை என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

அப்புறம் தாலி. இவர் கை நடுங்கியது. முதல் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டாள், இந்த முறை எல்லா முடிச்சையும் தானே போட்டார். பையன் வீடியோ எடுத்துக்கொண்டே, "அப்பா, ஸ்மைல்" என்று கத்தினான். நாங்கள் பிள்ளைகள் கல்யாணத்தைப் பார்க்கிறோம், பிள்ளைகள் எங்கள் கல்யாணத்தைப் பார்க்கிறார்கள், கணக்குச் சரி. பந்தியில் சேலத்து ஜோடியின் பாட்டி என் கையைப் பிடித்து, "உனக்கு எத்தனை வயசு கண்ணு?" என்றாள். 56 என்றேன். "எனக்கு 71. நம்ம வயசை இங்க யாரு கேக்கறா, அவங்க வயசுக்கு நாம தண்ணி ஊத்திக்கறோம்" என்று சொல்லிவிட்டு, பாயசத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

நான்காம் நாள்: மேலையூர், பூம்புகார்

பிள்ளைகள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் ஒரு வாடகைக் கார் வைத்துக்கொண்டோம். பூம்புகார் என்றுதான் சொன்னேன். இவர் டிரைவரிடம், "மேலையூர்ல கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்.

மேலையூரில் இருப்பது காவிரியின் கடையணை. வருடாவருடம் மேட்டூரைத் திறந்து தண்ணீர் இங்கே வந்து சேரும்போது நெல்லும் மலரும் தூவி வரவேற்பார்கள், பேப்பரில் படம் வரும். இந்த வருடம் மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தாயிற்று. வழியெல்லாம் ஒரு பக்கம் குறுவை அறுப்பு, அடுத்த வயலிலேயே சம்பாவுக்கு நாற்றங்கால்.

கடையணையில் ஒரு லஸ்கர் ஷட்டருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். லஸ்கர் என்றால் மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். இவர் மேலே நடந்துபோய், பல் சக்கரத்தைத் தடவிப் பார்த்து, "இப்ப எவ்வளவு விடறீங்க?" என்று கேட்டார். அந்தக் குரல் எனக்குத் தெரியும், ஆய்வுக்குப் போகிற குரல். லஸ்கர் நிமிர்ந்து, "நீங்க யாரு சார்?" என்றார்.

நான் காத்திருந்தேன். இவர் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டு, "சும்மா, சுத்திப் பாக்க வந்தோம்" என்றார்.

அவ்வளவுதான், லஸ்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிரீஸ் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு முழுக் காவிரியையும் இவருக்கு விளக்கினார். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவது, வெள்ளம் வந்தால் அந்தப் பக்கம் திருப்புவது, கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிவது, வழிநெடுகக் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வது, மிச்சம் இங்கே வருவது. "பெரிய காவிரிய இங்க வந்து தேடாதீங்க சார், ஊருக்கெல்லாம் குடுத்தது போக வர்றதுதான் இது. ஆனா காவிரிங்கிற பேரு இதுக்குத்தான்." இவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றார். ஓரிடத்தில் லஸ்கர் ஒரு வாய்க்காலின் பெயரை மாற்றிச் சொன்னார். இவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. போகும்போது டீக்குப் பணம் கொடுக்கப் போனார். லஸ்கர் வாங்கவில்லை.

காரில் ஏறியதும், "நல்லா வச்சிருக்கான் ஷட்டரை" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், வாய்க்கால் அளவுதான். சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ல் கட்டியது, உள்ளே கண்ணகி கதை கல்லில் இருக்கிறது. வெயில் தாங்கவில்லை, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஐந்தாம் நாள்: தரங்கம்பாடி

டேனிஷ்காரர்கள் 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை. 1845ல் ஊரோடு சேர்த்து இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோவில், 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இவர் கரையில் கொட்டியிருந்த கல்லின் எடையை மதிப்புப் போட்டார். போடட்டும், அது அவர் சந்தோஷம். மாயவரத்திலிருந்து திருக்கடையூர் வழியாக இந்த ஊருக்கு 1926ல் ரயில் விட்டார்கள், 1986ல் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலுக்கும் அறுபதில்தான் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்.

கோட்டை நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போது விஷயத்தை எடுத்தேன். நான் பிறந்தது 1969, சௌமிய வருடம். அது 2029ல் திரும்பி வருகிறது.

"அதுக்கு சாஸ்திரத்துல ஒண்ணும் இல்லையே" என்றார்.

"நான் சாஸ்திரிகளைக் கேக்கலை, உங்ககிட்ட சொல்றேன். நானும் அக்காவும் தங்கச்சியும் ஹம்பி போறோம். ஹோமம் கிடையாது, பேக்கேஜ் கிடையாது."

சுண்டல் பொட்டலத்தை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "துங்கபத்ரா டேம் அங்க பக்கத்துலதான் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல ஒரு கதவு சங்கிலி அறுந்து அடிச்சிட்டுப் போச்சு, தெரியுமா? ஓடற தண்ணியிலயே மாத்துக் கதவு இறக்கினாங்க. நானும் வந்தா அதைப் பாக்கலாம்."

"செக்ரெட்டரிகிட்ட மனு குடுங்க, பரிசீலிக்கலாம்" என்றேன்.

இதை எழுதும்போது லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து போனில் ரயில் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "டைம்டேபிள் பாக்கறதுல தப்பில்லையே" என்கிறார்.